மகன் வீட்டு மச்சில் மொய்க்கும் ஈயும் நம்மூர்த் தொழுவத்து ஈயும்

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்திலிருந்து மகன் வீட்டுக்கு, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதிக்குப் போயிருக்கும் தாங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். அக்டோபர் பிறந்ததிலிருந்து, வெயில் முகம் காட்டும் நாட்களில் எல்லாம், மேல்மாடி அறையின் சன்னல் கண்ணாடியில் நூற்றுக்கணக்கான ஈக்கள் வந்து அப்பிக்கொள்கின்றன. அடித்துப் பெருக்கித் தள்ளினாலும் மறுநாள் அதே அளவு வந்து நிற்கின்றன. மருமகள் வீட்டைச் சரியாகப் பேணாததால்தான் இப்படி ஆகிறது என்று மதினி மனம் வருந்துகிறார்கள். நம் ஊரில் மாட்டுத் தொழுவத்துக்குப் போடுவதைப் போல வேப்பிலைப் புகை போடலாமா, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மருந்து தெளிக்கலாமா, அம்பாசமுத்திரத்து வீட்டில் மொய்க்கும் ஈக்கும் இதே வழி உதவுமா என்பவை மற்றக் கேள்விகள்.

மதினியின் வருத்தத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருவர் மனம் நோகும் விஷயம் அதுதான். அந்த ஈக்கள் அந்த வீட்டில் பிறக்கவில்லை. அந்த வீட்டில் எதையும் உண்பதற்காகவும் வரவில்லை. குப்பைத் தொட்டி, அடுப்படி, குழந்தையின் துணி ஆகிய எதற்கும் அவற்றின் வருகையோடு தொடர்பில்லை. நாள் முழுவதும் தரையைத் துடைத்து வைத்திருக்கும் வீட்டிலும், பூட்டிக் கிடக்கும் வீட்டிலும், மாதா கோவில் மணிக்கூண்டிலும் அவை ஒரே மாதிரி ஒதுங்கும். ஆகையால் மருமகள்மீது ஒரு குற்றமும் இல்லை என்று மதினியிடம் தாங்களே எடுத்துச் சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் 30 ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் மட்டும் இதை எழுதவில்லை. என் மகளும் அந்த நாட்டில், மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே உள்ள ஒரு பழைய கல்வீட்டில் குடியிருக்கிறாள். அங்கே இரண்டு இலையுதிர்காலங்கள் தங்கி, இந்த ஈயைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் இதைக் கிளஸ்டர் ஃப்ளை என்பார்கள். நம் நாட்டுச் சமவெளியில் இது வீடு தேடி வராததால் தமிழில் வழக்குப் பெயர் கிடையாது. கொத்துக் கொத்தாக ஒடுங்கிக் கிடப்பதால் கொத்து ஈ என்றே இங்கே எழுதுகிறேன். பொலேனியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஈக்கள் இவை. அவற்றுள் பொலேனியா ரூடிஸ் என்பது பரவலாக அறியப்பட்டது. 1794-ஆம் ஆண்டிலேயே பெயரிடப்பட்டுவிட்டது. நம் வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரியது, 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை நீளம் இருக்கும். அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. ஒன்றைக் குவளைக்குள் பிடித்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே வைத்து, முதுகின் முன்பகுதியைப் பாருங்கள். அங்கே பொன்னிறத்தில், சுருள் சுருளாக, சணல் நாரைப் பிரித்து ஒட்டியதைப் போன்ற மெல்லிய மயிர்கள் தெரியும். வீட்டு ஈயின் முதுகில் அது இருக்காது. நான்கு கறுப்புக் கோடுகள்தான் ஓடும். உட்காரும்போது கொத்து ஈயின் சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும். வீட்டு ஈ சிறகுகளை இரு பக்கமும் அகற்றி வைத்துக்கொள்ளும். இன்னொன்று, அதன் மந்தமான நடை. கையால் எடுத்துப் போடும் அளவுக்குச் சோம்பிக் கிடக்கும். நசுக்கினால் தேன் போன்ற ஒரு வாடை வரும் என்று படித்திருந்தேன். மகள் வீட்டில் ஒன்று கதவிடுக்கில் சிக்கியபோது அதை முகர்ந்தும் அறிந்தேன். ஆனால் சுவரில் நசுக்காதீர்கள், கறை எளிதில் போகாது.

இந்த ஈ எங்கே பிறக்கிறது என்பது தெரிந்தால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கும். இதன் புழு மண்புழுவின் உடலுக்குள் வளர்வது. வசந்தத்திலும் கோடையிலும் தாய் ஈ புல்தரையிலும் தோட்டத்திலும் மண் வெடிப்புகளில் முட்டையிடும். சில நாட்களில் வெளிவரும் நுண்ணிய புழு, மண்ணுக்குள் ஊர்ந்து ஒரு மண்புழுவைத் தேடிப் பிடித்து, அதன் உடலைத் துளைத்து உள்ளே புகுந்து, அதையே உண்டு வளரும். பிறகு மண்ணிலேயே கூட்டுப்புழுவாகி ஈயாக வெளிவரும். முட்டை முதல் ஈ வரை ஏறத்தாழ ஒரு மாதம் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும். ஒரு கோடைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைகள் உருவாகிவிடும். யார்க்‌ஷயரைப் போல ஈரப் புல்வெளிகளும் ஆட்டு மேய்ச்சலும் நிறைந்த நாட்டில், காலடிக்குக் காலடி மண்புழு நெளியும் நிலத்தில், இந்த ஈக்குப் பஞ்சமே இல்லை. வளர்ந்த ஈக்கள் கோடை முழுவதும் வெளியே பூக்களிலும் செடிகளிலும் திரிவதால் யார் கண்ணிலும் படுவதில்லை; கடைசித் தலைமுறைக்குக் குளிர் தட்டும்போதுதான் வீடு நினைவுக்கு வருகிறது.

செப்டம்பர், அக்டோபரில் பகல் சுருங்கி இரவு குளிரத் தொடங்கியதும், வெயில் காயும் தெற்கு, மேற்குச் சுவர்களில் அவை வந்து அமரும். சூரியன் சாயச் சாய, சுவரின் வெப்பத்தைத் தொடர்ந்து மேலே ஏறி, ஓட்டுக்கு அடியிலும் சன்னல் சட்டத்தின் இடுக்கிலும் புகுந்து, மச்சிலும், அதாவது ஓட்டுக்கும் மேல்மாடிக் கூரைக்கும் நடுவே உள்ள இடத்திலும், இரட்டைச் சுவர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்திலும் ஒடுங்கிக்கொள்ளும். உணவும் வேண்டாம், நீரும் வேண்டாம். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பிலேயே குளிர்காலத்தைக் கழிக்கும். ஏறத்தாழ 12 டிகிரி செல்சியசுக்கு மேல் அந்த இடம் சூடேறினால் விழித்துக்கொள்ளும். வெயில் அடிக்கும் நாளிலும், வீட்டுச் சூடேற்றி ஓடும் நேரத்திலும், வசந்தம் வந்துவிட்டது என்று ஏமாந்து, வெளிச்சத்தை நோக்கி நகர்ந்து, வழி தவறி அறைக்குள் வந்து, கண்ணாடியில் முட்டிக்கொள்ளும். தாங்கள் பார்ப்பது உள்ளே வருகிற ஈக்களை அன்று; வெளியேறத் துடிக்கிற ஈக்களை. பெருக்கித் தள்ளிய பிறகும் மறுநாள் அதே அளவு வருவது இதனால்தான்: சுவருக்குள் ஆயிரக்கணக்கில் ஒடுங்கியிருப்பவற்றில் அன்றைய வெயிலுக்கு விழித்த பங்கு மட்டுமே அறைக்குள் இறங்குகிறது.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய ஒப்பு ஒன்று உண்டு. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு வழியாகப் புனலூர்ப் பக்கம் போனால், ரப்பர்த் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில் கோடை மழை தொடங்கும் காலத்தில் முப்ளி வண்டு என்னும் கறுத்த சிறு வண்டுகள் படைபடையாக வந்து ஓட்டுக்கு அடியில் அடைந்துகொள்ளும். தோட்டத்துச் சருகில் வளரும் அந்த வண்டும் வீட்டில் எதையும் தின்பதில்லை; மாதக்கணக்கில் சும்மா ஒதுங்கிக் கிடக்கும். அந்த வீட்டாரை யாரும் அழுக்கானவர்கள் என்று சொல்வதில்லை. கொத்து ஈயையும் அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதே முறை. முப்ளி வண்டு சுரக்கும் நீர் தோலில் பட்டால் எரியும்; கொத்து ஈக்கு அந்தத் தொல்லைகூடக் கிடையாது. கடிக்காது, உணவில் முட்டையிடாது, சாணத்திலும் மலத்திலும் பிறந்து வராததால் வீட்டு ஈயைப் போல நோய் சுமந்து வருவதில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஈக்கள் உள்ளே புகுந்துவிட்ட நிலையில் இந்த ஆண்டு முழுமையாக விரட்ட முடியாது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். சன்னலில் கூடுபவற்றை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுப்பதே தூய்மையான, போதுமான வழி. எடுத்தவுடன் பையை இறுகக் கட்டி வெளித்தொட்டியில் போட்டுவிடுங்கள். பையை உள்ளேயே விட்டால், சூட்டில் மீண்டும் உயிர் பெற்று வெளியே வந்துவிடும். அல்லது, வெயிலான நண்பகலில் அந்தச் சன்னலைப் பத்து நிமிடம் திறந்து வைத்தால் பெரும்பகுதி தானே வெளியேறும். மச்சில் மின்வசதி இருந்தால், நம் திருநெல்வேலி அல்வாக் கடைகளில் நீல வெளிச்சத்தோடு தொங்குமே, அந்த ஈப்பொறி விளக்கு அங்கே நன்றாக வேலை செய்யும். இருட்டான மச்சில் அது ஒன்றே வெளிச்சமாக இருப்பதால் விழித்தவை எல்லாம் அதை நாடிப் போகும். சன்னலை நாடி அறைக்குள் இறங்குவது குறையும். அடியில் விழும் ஈக்களை மட்டும் அவ்வப்போது அள்ளிவிட வேண்டும்.

வேப்பிலைப் புகை வேண்டாம், அண்ணாச்சி. நம் தொழுவம் நான்கு பக்கமும் காற்றோடும் இடம்; அங்கே புகை மாட்டைச் சுற்றிப் பரவி ஈயையும் கொசுவையும் சற்று நேரம் விலக்கி வைக்கும். அந்த நாட்டு வீடு குளிருக்காக அடைத்துக் கட்டியது. புகை வெளியேற வழியில்லை, குழந்தையின் நெஞ்சில்தான் போய்ச் சேரும். கூரையில் புகை எச்சரிக்கை மணியும் அலறும். இவ்வளவுக்கும் பிறகு, சுவருக்குள் மரத்துப் போய்க் கிடக்கும் ஈயை அந்தப் புகை எட்டவே எட்டாது. சாம்பிராணி, கர்ப்பூரம், கொசுவர்த்தி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

சுவருக்குள் மருந்தடித்து ஒரே நாளில் எல்லாவற்றையும் கொன்றுவிடலாமே என்று மகன் கேட்கக்கூடும். அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. சுவருக்குள் குவியும் ஈப்பிணங்களைத் தின்னக் கம்பள வண்டுகள் வரும். அவற்றின் மயிரடர்ந்த புழுக்கள், ஈ தீர்ந்ததும் கம்பளிக்கும் பட்டுக்கும் இறங்கிவரும். மதினி கொண்டுபோன பட்டுச்சேலைகள் அந்த வீட்டு அலமாரியில்தானே இருக்கும். இரண்டாவது சிக்கல் சட்டம் சார்ந்தது, இதை மகன் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அந்த நாட்டுப் பழைய வீட்டு மச்சுகளில் வௌவால்கள் தங்குவது வழக்கம். இங்கிலாந்தில் 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் முதலியவற்றின்படி வௌவாலும் அது தங்கும் இடமும் பாதுகாக்கப்பட்டவை. அவற்றுக்குத் தீங்கு நேரும்படி மருந்தடிப்பதும் அவை போய்வரும் வழியை அடைப்பதும் குற்றம். மச்சில் சுண்டெலிப் புழுக்கை போன்று, கையால் நசுக்கினால் பொடியாக உதிரும் எச்சம் கிடந்தால் வௌவால் இருக்கிறது என்று பொருள். அப்போது எந்த வேலைக்கும் முன்னர் வௌவால் பாதுகாப்பு அறிந்தவரிடம் யோசனை கேட்க வேண்டும்.

உண்மையான தீர்வு அடுத்த ஆகஸ்டில், ஈ வருவதற்கு முன்னால் இருக்கிறது. தெற்கு, மேற்குச் சுவர்களைச் சுற்றி நடந்து, சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு, குழாயும் மின்கம்பியும் உள்ளே போகும் துளை, கூரை ஓரப் பலகையின் பிளவு ஆகிய எல்லாவற்றையும் ஏணி வைத்துப் பார்த்துச் சீலண்ட் பசையால் அடைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடுக்கில்கூடச் சிறகை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். மச்சுக்குக் காற்று போவதற்கென்று விட்டிருக்கும் துளைகளை மட்டும் பசையால் மூடக் கூடாது. மூடினால் ஈரம் தங்கிக் கூரை மரம் உளுத்துப்போகும். அங்கே நுண்ணிய கம்பிவலை அடிப்பதே சரி. என் மகள் வீட்டில் முதல் ஆண்டு சன்னல்களை மட்டும் அடைத்தார்கள், பெரிய பயன் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டு கூரை ஓரத்தையும் சேர்த்து அடைத்த பிறகு, வாளி நிறைய அள்ளிய இடத்தில் கைப்பிடி அளவே கிடைத்தது. அடைக்க முடியாத பழைய கட்டடமாக இருந்தால், பயிற்சி பெற்ற பூச்சி ஒழிப்பாளரைக் கொண்டு ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பரிலோ வெளிச்சுவரில் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி மருந்து தெளிக்கலாம். அக்டோபர் கடந்த பிறகு தெளிப்பது பணத்துக்குக் கேடு.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஈ மண்புழுவில் பிறக்கிறது என்று தெரிந்தவுடன், புல்தரைக்கு மருந்தடித்து மண்புழுவை ஒழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஈ அக்கம்பக்கத்துப் புல்வெளிகள் அனைத்திலிருந்தும் பறந்து வருவது. ஒரு தோட்டத்து மண்ணைக் கொன்று அதைத் தடுக்க முடியாது. தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பத்தில் பிறந்த தங்களுக்கு மண்புழுவின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அம்பாசமுத்திரத்து வீட்டுக்கு வருகிறேன். தங்கள் தொழுவத்திலும் அடுப்படியிலும் மொய்ப்பது மஸ்கா டொமஸ்டிகா என்னும் வீட்டு ஈ. இதற்கு மேலே சொன்ன வழிகள் பெரும்பாலும் பொருந்தா, ஏனென்றால் இது நம் வீட்டு எல்லைக்குள்ளேயே பிறந்து நம் சோற்றுக்கு வருவது. பெண் ஈ ஒரு தடவைக்கு 100 முதல் 150 முட்டை வரை, வாழ்நாளில் ஏறத்தாழ 500 முட்டை இடும். நம் வெயிலில் ஒரே நாளுக்குள் முட்டை பொரிந்து, நான்கைந்து நாட்களில் புழு முற்றி, முட்டையிட்ட ஏழு முதல் பத்து நாட்களுக்குள் புதிய ஈ பறந்துவிடும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் செய்ய வேண்டியது தெளிவாகும்: எருவும் எச்சிலும் ஈரத்தோடு ஒரே இடத்தில் ஒரு வாரம் கிடக்கக் கூடாது.

ஊருக்குத் திரும்பியதும் எருக்குழியின் ஓரத்தை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். நடுவில் அனல் பறக்கும், அங்கே ஒரு புழுவும் இருக்காது. மட்கும் எரு 50 டிகிரிக்கு மேல் சூடேறும்போது புழுக்கள் தாங்குவதில்லை. சூடு குறைந்த ஓரத்தில், நான்கு விரல் ஆழத்தில், வெள்ளைப் புழுக்கள் கும்பலாக நெளியும். அதற்கும் வெளியே, காய்ந்த விளிம்பில், செம்பழுப்பு நிறத்தில் சிறு நெல்மணி அளவுள்ள கூடுகள் கிடக்கும். நாளை மறுநாள் தங்கள் சோற்றுத் தட்டில் வந்து உட்காரப் போகும் ஈக்கள் அந்தக் கூடுகளில்தான் இருக்கின்றன. ஆகவே வாரம் இருமுறை ஓரத்து எருவை நடுவுக்குத் தள்ளி, மேலே தார்ப்பாயை இறுக்கமாகப் போட்டு மூடுங்கள். உள்ளே சூடு ஏறிப் புழு மடியும். நம் வீட்டுப் பெண்கள் சாணத்தை அன்றன்றே மெல்லிய வரட்டியாகத் தட்டிக் காயவைத்தது எரிபொருளுக்காகத்தான் என்றாலும், ஈரம் வற்றிய சாணத்தில் ஈ பெருகாது என்பதும் அதில் அடங்கியிருந்தது. சாண எரிவாயுக் கலத்தில் அன்றன்று கரைத்து விட்டாலும் அதே பயன் உண்டு. இரண்டு கோழிகளைத் தொழுவத்துப் பக்கம் மேயவிட்டால், அவை கிளறித் தின்னும் புழுவுக்குக் கணக்கில்லை. நான் அறிந்த மருந்துகள் எதுவும் இந்த வேலையை இவ்வளவு மலிவாகச் செய்வதில்லை.

தொழுவத்துத் தரையில் மூத்திரம் தேங்காமல் சரிவு வைத்து வாருகாலில் சேர்க்க வேண்டும். அந்த வாருகாலும் அங்கணமும் அடைப்பில்லாமல் ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எரு நனைந்து ஊறும்போது ஈ பெருகுவதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். மழை தொடங்கும் முன்பே பழைய எருவை வயலுக்கு ஏற்றிவிடுவது நல்லது. சர்க்கரையோடு கலந்து வைக்கும் நச்சுத்தூளை மாட்டுத் தீவனத்துக்கும் குழந்தைகளுக்கும் கோழிக்கும் எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. அடுப்படியில் உணவை மூடி வைப்பது கட்டாயம், ஏனென்றால் வீட்டு ஈக்குக் கடித்துத் தின்ன வாய் இல்லை. முன்பு உட்கார்ந்த இடத்தில் உறிஞ்சியதையும் சேர்த்துச் சோற்றின்மேல் உமிழ்ந்து, கரைத்து, பிறகு உறிஞ்சும்; காலரா, டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றின் கிருமிகள் அதன் காலிலும் வயிற்றிலும் பயணம் செய்வது இப்படித்தான். மதினிக்கு அழுக்கைப் பற்றி உள்ள அச்சம் முழுக்க நியாயமானது. அது பொருந்தும் இடம் நம் வீடு, யார்க்‌ஷயர் வீடன்று.

கடைசியாகப் பேரக்குழந்தையைப் பற்றி. கொத்து ஈ பால் புட்டியைத் தேடி வருவதில்லை. தப்பித் தவறிக் குழந்தையின் கையில் ஊர்ந்தாலும் தீங்கு செய்யாது. ஆனால் தெளிப்பு மருந்து தீங்கு செய்யும். குழந்தை தூங்கும் அறையில் எந்த மருந்தும் அடிக்க வேண்டாம். வசந்தத்தில், மார்ச், ஏப்ரல் வாக்கில், மிச்சமிருக்கும் ஈக்கள் தாமாகவே புல்வெளிக்குத் திரும்பிவிடும். அதுவரை, வசதி இருந்தால், தொட்டிலை வெயில் படாத வடக்குப் பக்கத்து அறைக்கோ கீழ்த்தளத்துக்கோ மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.